இல்லாத சுவர்

எங்கள் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் செய்வது சுவர் கட்டுவதுதான். செங்கல், சிமென்ட் எதுவும் கிடையாது. மோட்டார் பூட்டிய ஒரு கைக்கருவி, அதன் முனையில் பேனா போல ஒரு பிடி, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பேனாவின் நுனி காற்றில் நாம் குறித்து வைத்த ஓர் எல்லையைத் தாண்டினால் மோட்டார் அதைத் திருப்பித் தள்ள வேண்டும். ஆழம் கூடக்கூட பலமும் கூட வேண்டும். புரோகிராம் என்று பார்த்தால் ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அந்தச் சுவரைத் தட்டினால் ‘டக்’கென்று நிற்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா, நடுங்குகிறதா என்பதை வைத்தே செய்தவரின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடலாம். வேலை கேட்டு வந்தவர்களின் சான்றிதழ்களை நான் அவ்வளவாகப் புரட்டியதில்லை. அவர்கள் கட்டிய சுவரைத் தட்டிப் பார்ப்பேன்.

நான் கோவைக்காரன். நெசவு இயந்திரங்களுக்கு மோட்டார் கட்டுப்பாடு செய்யும் பட்டறையில் தொழில் பழகியவன். நூலின் இழுவை கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் தொய்ந்து சிக்கிக்கொள்ளும். விசையைச் சரியான அளவில் கொடுப்பதைவிடச் சரியான நேரத்தில் கொடுப்பது முக்கியம் என்பதை அங்கேதான் கற்றேன். 2000களில் சென்னைக்கு வந்து, மருத்துவ மாணவர்களுக்கான பயிற்சி சிமுலேட்டர் செய்யும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். அங்கே, இயந்திரத்தால் தொடு உணர்வைத் தரும் வித்தைக்கு ஹாப்டிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டபோது பயமாக இருந்தது. வேலையைப் பார்த்தபின் பழைய நூல் வேலைதான் என்று தெரிந்து நிம்மதியானேன்.

எங்கள் கையில் முதலில் இருந்தது ஃபேன்டம் வகைக் கருவி. அதன் மூல வடிவத்தை 1993-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் தாமஸ் மாசி என்ற மாணவரும் கென்னத் சாலிஸ்பரி என்ற ஆய்வாளரும் செய்தார்கள். மாசி பின்னாளில் கென்டக்கியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். எங்கள் துறையிலிருந்து அரசியலுக்குப் போன வேறு ஆளை நான் அறியேன். அந்தக் கருவியில் பல்சக்கரம் கிடையாது. மெல்லிய எஃகுக் கம்பிவடம்தான் மோட்டாரையும் கையையும் இணைக்கும். பல்சக்கரம் இருந்தால் கை சும்மா நகரும்போதே ‘கடகட’ என்று உறுத்தும். காற்றைத் தொடுகிறோம் என்ற நினைப்பு வராது. வெறும் காற்று வெறும் காற்றாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் சுவர் சுவராகத் தெரியும்.

நாங்கள் வாங்கியது அந்தக் குடும்பத்திலேயே சிறியது. அதன் உச்ச விசை 3.3 நியூட்டன், அதாவது சுமார் 340 கிராம் எடைக்குச் சமம். இவ்வளவு சின்ன விசையில் எலும்பைக் காட்ட முடியுமா என்று டாக்டர்கள் சிரிப்பார்கள். முடியும். கை பலத்தை அளந்து பார்த்து நம்புவதில்லை. தொட்ட அந்த முதல் கணத்தில் என்ன நடந்தது என்பதை வைத்து நம்பிவிடுகிறது. காதரின் குச்சன்பெக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2006-ல் காட்டியது இதைத்தான். தொட்ட நொடியில், நிஜப் பொருளைத் தட்டினால் எழும் குறுகிய அதிர்வை அப்படியே மோட்டாரில் விட்டால், அதே பலவீனமான கருவியில் மரம் மரமாகத் தெரிகிறது. அதைப் படித்த வாரமே எங்கள் எலும்புக்கு ஓர் அதிர்வைச் சேர்த்தோம். அதன்பிறகு பெரிய மோட்டார் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நேரம் என்றேனே, அதை விளக்கியாக வேண்டும். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் போதும், கண் ஏற்றுக்கொள்கிறது. தொடு உணர்வுக்கு நொடிக்கு 1000 முறை கணக்குப் போட்டு விசையை மாற்றுவதுதான் எங்கள் துறையின் வழக்கம். தாமதமானால் என்ன ஆகும்? கை சுவருக்குள் ஆழமாக இருந்தபோது போட்ட கணக்கு, கை வெளியே வரத் தொடங்கிய பிறகும் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே போகக் கை செலவழித்ததைவிடக் கூடுதலான சக்தி திரும்பி வரும். அந்த உபரி ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து, கருவி ‘உர்ர்ர்’ என்று உறுமும். சுவரை எவ்வளவு கடினமாக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் உறுமும்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் செயல்விளக்கம். முதல்வர், துறைத் தலைவர்கள் எல்லோரும் சூழ்ந்து நிற்கிறார்கள். அவர்கள் கொடுத்த கம்ப்யூட்டரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த நேரம் பார்த்துத் தன் வேலையை ஆரம்பித்தது. திரையில் படம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கருவி மட்டும் பேராசிரியரின் கையில் துள்ளியது. “இது என்னப்பா, நோயாளிக்கு வலிப்பா?” என்றார் அவர். விசைக் கணக்குக்கென்று தனியாக ஒரு சின்ன போர்டு, படத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் என்று பிரித்து வைக்கும் வழக்கம் எங்களுக்கு அதோடு நிலைத்தது.

இதே காரணத்தால்தான், நெட் வழியாகக் கைகுலுக்கலாம், வெளிநாட்டிலிருந்து தொட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்பவர்களிடம் நான் தூரத்தைக் கேட்பேன். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் பாஸ்டனுக்கும் இடையே 12,000 கிலோமீட்டருக்கு மேல். போக மட்டுமே 60 மில்லி செகண்ட், திரும்ப இன்னொரு 60. எந்தக் கம்பெனியின் 5ஜி வந்தாலும் ஒளியை வேகப்படுத்த முடியாது. 2002 அக்டோபரில் எம்ஐடிக்கும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கும் இடையே இருவர் ஒரு மெய்நிகர்ப் பெட்டியைச் சேர்ந்து தூக்கிக் காட்டினார்கள். அதில் ஒரு பக்கத்தை நடத்தியது மண்டயம் சீனிவாசன் தொடங்கிய டச் லேப். அது நிஜமான சாதனை. ஆனால் அவர்கள் கனத்த, மெதுவாக நகரும் பெட்டியைப் பிடித்தார்கள், கண்ணாடிக் கோப்பையை அல்ல.

அதே சீனிவாசன் குழு 1996-ல் செய்த ஸ்பிரிங் சோதனையை நாங்கள் ஆய்வகத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் செய்து பார்த்திருக்கிறோம். திரையில் இரண்டு ஸ்பிரிங். கருவியால் அமுக்கி, எது கெட்டி என்று சொல்ல வேண்டும். கைக்குக் கொடுக்கும் விசையை மாற்றாமல், திரையில் ஸ்பிரிங் அமுங்கும் அளவை மட்டும் மாற்றிவிடுவோம். கெட்டியான ஸ்பிரிங் திரையில் அதிகமாகக் குழைந்தால், “இதுதான் மெத்தை” என்று அடித்துச் சொல்வார்கள். முப்பது வருஷம் பட்டறையில் ஸ்பிரிங் மாற்றிய மெக்கானிக் ஒருவர்கூட அப்படித்தான் சொன்னார். உண்மையைச் சொன்னதும் கோபப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அமுக்கி, சரியாகச் சொன்னார்.

கண் எப்போதும் ஜெயிக்கும் என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: எந்தப் புலனின் சேதி அந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறதோ அதற்கு மூளை கூடுதல் எடை கொடுக்கிறது. படத்தை மங்கலாக்கினால் கை தலைதூக்கும். எங்களுக்கு இது ஏட்டு விஷயம் அல்ல, அன்றாடம் புழங்குவது. சிறிய மோட்டாரால் நிஜமான கெட்டிச் சுவரைச் செய்ய முடியாது. கை கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் கை உள்ளே போனாலும் திரையில் கத்தியின் நுனியைச் சுவரின் மேற்பரப்பிலேயே நிறுத்தி வைப்போம். சில்ஸும் சாலிஸ்பரியும் 1995-ல் சொன்ன வழி அது. கண் ‘நின்றுவிட்டது’ என்கிறது, கையும் அதை ஒப்புக்கொள்கிறது. எங்கள் துறையில் பாதி வேலை மோட்டாரில் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நான் அதிகம் கற்ற வேலைக்கு வருகிறேன். முதுகுத்தண்டில் எபிடியூரல் ஊசி போடும் பயிற்சிக் கருவி. பிரசவ வலியைக் குறைக்கவும் சில அறுவைகளுக்கும் போடுவது. தோல், கொழுப்பு, வரிசையாகத் தசைநார்கள், கடைசியில் லிகமென்டம் ஃபிளேவம். அதைத் தாண்டினால் சில மில்லிமீட்டர் அகலமுள்ள இடைவெளி, அதில்தான் மருந்து போக வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் தண்டுவட உறை கிழிந்து, நோயாளி நாள்கணக்கில் தலைவலியால் துடிப்பார். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. சிரிஞ்சின் பிஸ்டனைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே ஊசியை நகர்த்துவார்கள். தசைநாரில் இருக்கும்வரை பிஸ்டன் அசையாது. தாண்டிய கணத்தில் எதிர்ப்பு போய்விடும். தொடு உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை, ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

எங்களுக்கு உதவியவர் மூத்த மயக்க மருந்து நிபுணர் ஒருவர். கறாரான அம்மா.

“எவ்வளவு அழுத்தம் வேணும் மேடம்? நியூட்டன்ல சொன்னா வெச்சிடலாம்.”

“நான் என்ன தராசா வெச்சிருக்கேன்? குத்திப் பார்த்தா சொல்வேன் தம்பி. பனங்கிழங்கு நாருக்குள்ள ஊசி போற மாதிரி ஒரு நறநறப்பு இருக்கணும். உன் மெஷின் வெண்ணெயில போகுது.”

பிறகு அவரை உட்கார வைத்து, எண்களை அவருக்குக் காட்டாமல், ஒருவர் அளவை ஏற்றி இறக்க, அவர் குத்திக்கொண்டே “இன்னும்… இன்னும்… கெடுத்துட்டே, பின்னால போ” என்று சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம். ஆய்வுக் கட்டுரைகளில் ஊசி விசையை அளந்த வரைபடங்கள் இருந்தன. அவற்றை அப்படியே போட்டபோது அவர் முகம் சுளித்தார். கடைசி எதிர்ப்பு விலகும் இடத்தை, வரைபடத்தில் இருந்ததைவிடச் செங்குத்தாக விழ வைத்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதோ, இதுதான்.” காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் கம்பிவடமும் மோட்டாரும் எந்தத் திடீர் மாற்றத்தையும் கொஞ்சம் மழுக்கிவிடும். உண்மையான எண்ணைக் கொடுத்தால் மழுங்கிய உணர்வு வரும். சற்று மிகைப்படுத்திக் கொடுத்தால்தான் கைக்கு உண்மை போய்ச் சேரும்.

அதன்பிறகு இன்னொரு சண்டை. சிரிஞ்சில் சலைன் வைப்பவர்கள் ஒரு கட்சி, காற்று வைப்பவர்கள் ஒரு கட்சி. காற்று அமுங்கும், பிஸ்டன் துள்ளும். சலைன் அமுங்காது, சுவராக நிற்கும். ஒருவருக்குச் சரியாக இருக்கும் கருவி மற்றவருக்குப் பொம்மை. கடைசியில் இரண்டையும் வைத்து, ஒரு சுவிட்சும் வைத்தோம். இரண்டு கட்சியும் தங்களுடையதுதான் அசல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

லேப்ராஸ்கோப்பி சிமுலேட்டரில் எனக்குக் கிடைத்த அனுபவம் நேர் எதிரானது. வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, நீளமான கருவியை ட்ரோகார் குழாய் வழியாக விட்டுச் செய்யும் அறுவை அது. அந்தக் குழாயின் வால்வு உராய்வே திசுவின் மென்மையைப் பாதி மறைத்துவிடும். அப்படியிருக்க, நாங்கள் வருஷக்கணக்காக மோட்டார் போட்டு நுணுக்கமான தொடு உணர்வைக் கொடுக்கப் பாடுபட்டோம். அதற்கு முன்பே, 2002-ல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்திருந்தது. மிஸ்ட் விஆர் என்ற சிமுலேட்டரில் பழகிய பயிற்சி மருத்துவர்கள், பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அந்த மிஸ்ட் விஆரில் விசைத் திரும்பல் எதுவும் கிடையாது. எங்கள் விற்பனை ஆட்கள் அந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

டா வின்சி என்ற அறுவை ரோபோவும் அதே சாட்சிதான். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த இயந்திரம், 2024-ல் ஐந்தாம் மாடலில்தான் விசை உணரும் கருவிகளுடன் வந்தது. நடுவில் இருபத்துச் சொச்சம் வருஷம், தையல் நூல் எவ்வளவு விறைக்கிறது, திசு எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தே அறுவை நிபுணர்கள் இழுவையைக் கணித்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தொடு உணர்வு இல்லாத சிமுலேட்டரை மட்டம் தட்டுவதை விட்டுவிட்டேன். எனக்குப் பயம் தப்பான தொடு உணர்வைக் கொடுக்கும் சிமுலேட்டர்தான். சொந்த உராய்வு அதிகமுள்ள மலிவான கருவியில் பழகிய மாணவர், நிஜ வயிற்றிலும் அதே பலத்தோடு தள்ளுவார்.

2016-ல் ரிஃப்ட், வைவ் என்ற மெய்நிகர் ஹெட்செட்கள் வந்தன. தலையில் மாட்டும் ஹெட்செட் விலை இறங்கியது, எங்கள் துறைக்குத் திடீரென்று மவுசு வந்தது. முதலீட்டாளர்கள் வந்தார்கள். ஒருவர், கட்டிப்பிடிக்கிற உணர்வு தரும் சட்டை எப்போது வரும் என்று கேட்டார். கன்ட்ரோலரில் வருகிற அதிர்வையே எல்லோரும் தொடு உணர்வு என்று விற்றார்கள். அது 1997-ல் நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவிக்கு வந்த ரம்பிள் பேக்கின் பேரன்தான். மோட்டார் நுணுக்கமாகியிருக்கிறது, அவ்வளவே. விரல் நுனியில் நான்கு வகைத் தொடு உணர்விகள் உண்டு. அதிர்வு முக்கியமாகப் பேசுவது பாசினியன் என்ற ஒன்றோடு. நொடிக்கு 250 அதிர்வை ஒட்டி அது மிகக் கூர்மையாக இருக்கும், ஆனால் எங்கே பட்டது என்று துல்லியமாகச் சொல்லத் தெரியாது. வயது ஏற ஏற மந்தமாகும். இருபது வயதுப் பையன்களை வைத்து அளவு முடிவு செய்து, அறுபது வயதுப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் “வேலை செய்யுதா?” என்றுதான் கேட்பார். ‘ஏதோ பட்டது’ என்று அதிர்வால் சொல்ல முடியும். ‘இங்கே ஒரு மேசை இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

உணர்வுக் கையுறைகளும் வந்தன. விரல்களை மடங்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும், அதனால் பந்தைப் பிடித்த மாதிரி தோன்றும். ஆனால் கையுறை உங்கள் கையிலேயே மாட்டியிருக்கிறது, தரையோடு அதற்கு ஒட்டு இல்லை. ஆகவே பந்தைப் பிடித்த கை மேசைக்குள் தாராளமாக நுழையும். சென்னையில் கூடுதலாக இன்னொரு தொல்லை. மே மாதத்தில் ஏசி நின்றால் பத்து நிமிஷத்தில் கையுறைக்குள் வியர்வை, விரலுறை வழுக்கும், அளவெல்லாம் மாறிவிடும். வெளிநாட்டு விளக்கப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த தொடு கருவி ஒரு மரப்பலகை. அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில், ஹெட்செட் மாட்டியவரை ஒரு மெய்நிகர்ப் பள்ளத்தின் விளிம்பில் நிற்க வைப்பார்கள். தரையில் ஒன்றரை அங்குல உயரப் பலகை, கால்விரல்கள் அதன் ஓரத்தைத் தாண்டி நீண்டிருக்கும். பலகை இல்லாதபோது இருந்ததைவிட இதயத் துடிப்பு கூடியது. மோட்டார் இல்லை, கணக்கு இல்லை, தாமதமும் இல்லை.

அதை மனதில் வைத்துத்தான், கட்டட வேலையாட்களுக்கு உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் பயிற்சியை உருவாக்கியபோது நான் கையுறை வேண்டாம் என்றேன். சாரத்தின் கைப்பிடி இருக்கும் இடத்தில் நிஜமான ஜிஐ பைப்பை நட்டோம், காலுக்கு ஒரு பலகை. சாரம் கட்டும் ஆட்களின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். கன்ட்ரோலரின் அதிர்வு பலருக்கு உறைக்கவே இல்லை. பைப்பைத் தொட்டதும் இரண்டு கையாலும் பிடித்தார்கள். படத்தில் இருக்கும் பைப்பும் நிஜப் பைப்பும் கொஞ்சம் விலகியிருந்தாலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, மேசையில் ஒரே ஒரு கட்டையை வைத்து, படத்தில் கையின் பாதையைச் சற்றே திருப்பி, பல கட்டைகள் இருப்பதாக நம்ப வைத்தது. அந்தத் தந்திரத்தில் நாங்கள் ஒரே பைப்பை இரண்டு மாடிகளுக்குப் பயன்படுத்தினோம்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் போன்றவர்கள் இந்தத் துறையில் ஆட்களைத் தயார் செய்கிறார்கள். இங்கேயே செய்த கருவிகள் இங்குள்ள கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கிவிட்டன. அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செயல்விளக்கத்தில் திரையைப் பார்க்காதீர்கள், விற்பவர் விரும்புவது அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, அதில் உள்ள மிகக் கெட்டியான பொருளை மெதுவாக அமுக்கி அப்படியே நில்லுங்கள். உறுமினால் வாங்காதீர்கள். ஒன்றுமே தொடாமல் கையை அங்குமிங்கும் வீசுங்கள்; காற்று கனமாகத் தெரிந்தால் அதையும் வாங்காதீர்கள். உங்கள் கல்லூரியில் இருபது வருஷம் அந்த வேலையைச் செய்த ஒருவரைக் கூட்டிப்போய், விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன் அவர் கையில் கருவியைக் கொடுங்கள்.